புது ஸ்போர்ட்ஸ் பைக்: கடலூரில் எடுப்பதா, பாண்டியில் எடுப்பதா? ஆன்ரோடு விலையில் 25,000 வித்தியாசம்

கெடிலக்கரை (ஞாயிறு, காலை)

எல்லோருக்கும் வணக்கம். ஊர் மஞ்சக்குப்பம், வேலை சிப்காட்டில். அப்பாவின் பழைய 100 சிசி வண்டியில்தான் ஆறு வருடமாகப் போய்வருகிறேன். இந்த முறை ஃபேரிங் (முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடும் உறை) வைத்த ஸ்போர்ட்ஸ் பைக் எடுத்தே தீருவது என்று முடிவு. மாடல் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் கம்பெனிச் சண்டை ஆரம்பித்து என் கேள்வி காணாமல் போய்விடும். 155-லிருந்து 200 சிசிக்குள், எக்ஸ் ஷோரூம் 1,80,000. அதுவரை போதும்.

கடலூரில் ஒரு ஷோரூமில் வாங்கிய கொட்டேஷன் இது:

எக்ஸ் ஷோரூம் 1,80,000
சாலை வரி 21,600
பதிவுச் செலவு 3,800
இன்சூரன்ஸ் 16,800
ஹேண்ட்லிங் 3,500
ஆக்சஸரீஸ் கிட் 6,200
டெஃப்லான் கோட்டிங் 1,600
மொத்தம் 2,33,500

அடுத்த நாள் பாண்டிக்குப் போய் அதே வண்டி, அதே நிறம் கேட்டேன். ஏறக்குறைய 25,000 குறைவு. சென்னையில் இருக்கும் மச்சான் அங்கே விசாரித்தான், கடலூர் விலைக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கம்மி. இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் எப்படி 25,000 குறைகிறது? எங்கே எடுத்தால் நல்ல விலை?

முள்ளோடை முக்கு

இதிலென்ன யோசனை? பாண்டியில் எடு. பெட்ரோல் போடப் போகிற ஊர்தானே, வண்டியையும் அங்கேயே எடுத்துவிடு. சொந்தக்காரர் யாராவது அரியாங்குப்பம் பக்கம் இருந்தால் அவர் வீட்டில் வாடகைக்கு இருப்பதாக ஒரு அக்ரிமெண்ட் போட்டால் முடிந்தது.

பலாப்பழ ஊர்

155 சிசி ஃபேரிங் என்றாலே எந்த வண்டி என்று தெரிந்துவிட்டது. அதை விட்டுவிட்டு 200-க்குப் போங்கள், ஹைவேயில் மூச்சு வாங்காது.

கெடிலக்கரை

பார்த்தீர்களா, மூன்றாவது பதிவிலேயே ஆரம்பம்.

பழைய சேல்ஸ்மேன் (ஞாயிறு, மாலை)

தம்பி, நான் ஒன்பது வருடம் டூவீலர் ஷோரூமில் நின்றவன். இப்போது வேறு தொழில், அதனால் தயங்காமல் சொல்கிறேன்.

முதல் வரியை விட்டுவிடுங்கள். எக்ஸ் ஷோரூம் விலையைக் கம்பெனி முடிவு செய்கிறது. ஒரே மாநிலத்துக்குள் கடலூரானாலும் சென்னையானாலும் அதில் பெரிய மாற்றம் இருக்காது. "வண்டியில் எவ்வளவு குறைப்பீர்கள்" என்று கேட்கிறவர்தான் ஷோரூம்காரருக்குப் பிடித்த வாடிக்கையாளர். முதல் வரியிலேயே மல்லுக்கட்டி, ஆயிரம் ரூபாய் குறைத்ததும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார். கீழே இருக்கிற வரிகளைப் பார்க்கவே மாட்டார். ஷோரூமுக்கு லாபம் அந்தக் கீழ் வரிகளில்தான். வண்டியில் கிடைக்கும் மார்ஜின் சொற்பம்.

சாலை வரி 21,600 சரியான தொகை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுள் வரியை உயர்த்தினார்கள். ஒரு லட்சம் வரையுள்ள டூவீலருக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். முன்பு எல்லாவற்றுக்கும் 8. உங்கள் 1,80,000-க்கு 12 சதவீதம் போட்டால் அதே தொகை வரும். இதில் பேரம் கிடையாது.

பதிவுச் செலவு 3,800 என்பதைத் துருவுங்கள். மத்திய விதிப்படி பைக்குக்குப் பதிவுக் கட்டணம் 300, ஸ்மார்ட் கார்டுக்கு 200, கடனில் எடுத்தால் அதைப் பதிய 500. மேலே சில்லறை சேவைக் கட்டணங்கள் வரும். மிச்சம் எங்கே போகிறது என்று கேளுங்கள். "ஆபீஸ் செலவு சார்" என்பார்கள். எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் சொன்ன மறு நிமிடம் தொகை குறையும்.

ஹேண்ட்லிங் 3,500. கோடவுனிலிருந்து ஷோரூமுக்கு வண்டியைக் கொண்டுவந்து துடைத்து வைத்ததற்கான கூலியாம். விற்கிற கடைக்காரர் சரக்கைக் கடைக்குக் கொண்டுவந்ததற்கு நாம் ஏன் தனியாகக் கொடுக்க வேண்டும்? மளிகைக் கடையில் அரிசி மூட்டை இறக்கிய கூலியை உங்கள் பில்லிலா போடுகிறார்கள்? இந்தத் தலைப்பில் ரசீது கேளுங்கள். பாதிப் பேர் ரசீது தரமாட்டார்கள், வரியையே எடுத்துவிடுவார்கள்.

இன்சூரன்ஸ்தான் பெரிய மீன். 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசு அறிவிக்கிறது, எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒரே தொகை. 2022-ல் அறிவித்த விகிதத்தில் 150 சிசிக்கு மேல் 350 வரை 7,365. அதற்குக் கீழே 75-லிருந்து 150 வரை 3,851தான். 155 சிசி வண்டிக்கு அந்த ஐந்து சிசிக்காகவே 3,500 கூடுதல், என்ன செய்வது! சொந்தச் சேதத்துக்கான காப்பீடு ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும், அதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஷோரூமில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வெளியே இரண்டு இடத்தில் விலை வாங்கி மேசை மேல் வையுங்கள். வைக்கும்போது ஐ.டி.வி.யைப் பாருங்கள், அதாவது வண்டி முழுதாகப் போனால் காப்பீட்டில் கிடைக்கும் தொகை. புது வண்டிக்கு அது எக்ஸ் ஷோரூமில் 95 சதவீதம், அதாவது 1,71,000. சிலர் பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட இதைக் குறைத்துவிடுவார்கள், வண்டி திருடு போனால் அன்று தெரியும் வலி.

இன்னொன்று, 15 லட்சத்துக்கு ஓட்டுநர் விபத்துக் காப்பீடு உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. இதை எந்த ஷோரூமிலும் தானாகச் சொல்லமாட்டார்கள். நானே சொன்னதில்லை.

பலாப்பழ ஊர்

அண்ணா, ஹெல்மெட்டை விட்டுவிட்டீர்களே. எங்கள் ஊர் ஷோரூமில் ஹெல்மெட்டுக்கு 1,200 தனியாகக் கேட்டார்கள்.

பழைய சேல்ஸ்மேன்

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் ஒன்றை வண்டியோடு கொடுக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. தனியாகப் பணம் கேட்டால் விதி 138 என்று சொல்லிப் பாருங்கள். அதேபோல 2019 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைத் தயாரிப்பாளரே தர வேண்டும். ஆனால் ஒன்று, இலவசமாக வரும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு இந்த மாதிரி வண்டியை ஓட்டாதீர்கள். மிச்சம் பிடிக்கிற பணத்தில் நல்லதாக ஒன்று வாங்குங்கள்.

முள்ளோடை முக்கு

இவ்வளவு கணக்குப் போட்டு எட்டாயிரம் பத்தாயிரம் மிச்சம் பிடிப்பதற்கு, பாண்டி வண்டி எடுத்தால் ஒரே அடியில் 25,000. அதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

பூரணாங்குப்பத்தான் (திங்கள், காலை)

நான் பேசுகிறேன். நான் புதுச்சேரிக்காரன். வீடு, ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் இங்கேதான். எங்களுக்குப் பி.ஒய். 01 என்ற புதுச்சேரிப் பதிவு எண் எடுப்பது உரிமை, வரி குறைவு என்பதும் உண்மை. இங்கே விலையைப் பொறுத்துப் படி வைத்து வாங்குகிறார்கள், தமிழ்நாட்டின் 12 சதவீதத்துக்குப் பக்கத்திலேயே வராது. கெடிலக்கரை கேட்ட 25,000 வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த வரிதான். ஷோரூம்காரர் தாராளம் எதுவும் இல்லை.

ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 40-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நீங்கள் குடியிருக்கிற, அல்லது தொழில் செய்கிற, வண்டி வழக்கமாக நிற்கிற மாநிலத்தில் பதிய வேண்டும். இவர் வண்டி இரவில் மஞ்சக்குப்பத்தில் நிற்கும், பகலில் சிப்காட்டில் நிற்கும். இரண்டுமே டி.என். 31, கடலூர்ப் பதிவு. இல்லாத வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் போடுவது பொய்ப் பத்திரம், அவ்வளவுதான். 2017-ல் கேரளத்து நடிகர்கள் சிலர் புதுச்சேரி முகவரியில் சொகுசு கார் பதிந்ததாக வழக்கு வந்ததே, அதே கதையின் சின்ன உருவம்தான் இது.

அப்புறம் 47-ஆம் பிரிவு. வேறு மாநிலப் பதிவு வண்டியை ஒரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் புதுச்சேரியில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ற வரியைக் கட்ட வேண்டும், இங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். 25,000-க்குச் சரிக்குச் சரி அலைச்சல்.

முள்ளோடை முக்கு

அண்ணே, கன்னியக்கோயிலில் நின்று அரை மணி நேரம் எண்ணுங்கள். கடலூர்ப் பக்கம் போகும் பி.ஒய். வண்டி எத்தனை? அந்த 12 மாதத்தை யார் நாள்காட்டி வைத்து எண்ணுகிறார்கள்?

பூரணாங்குப்பத்தான்

எண்ணுவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். பாதிப் பேர் எங்கள் ஆட்கள், கடலூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் மாட்டாதவர்கள்.

வண்டிப்பாளையம்

மாட்டியவன் நான். அதனால் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு முன்னால் பாண்டி மாமா முகவரியில் ஒரு 200 சிசி எடுத்தேன். ஓட்டும்போது ஒரு பிரச்சினையும் இல்லை, ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் இரண்டு முறை நிறுத்தினார்கள், பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். பிரச்சினை விற்கும்போதுதான் வந்தது. கடலூரில் வாங்க வந்தவர்கள் எல்லாம் "பாண்டி நம்பரா?" என்று முகத்தைச் சுளித்தார்கள். அதற்குள் மாமா அந்த வீட்டை விற்றுவிட்டு வில்லியனூர் போய்விட்டார். முகவரிக்கு ஆதாரம் இல்லை, தடையில்லாச் சான்றுக்கு ஐந்து நாள் லீவு. கடைசியில் நம்பர் மாற்றும் செலவை என் தலையில் போட்டு 18,000 குறைத்துக் கேட்டவருக்குத்தான் கொடுத்தேன். அன்று மிச்சம் பிடித்தது வரியில் பன்னிரண்டாயிரமோ என்னவோ. குற்றம் யார் மீதும் இல்லை, நானே தேடிக்கொண்டது.

முள்ளோடை முக்கு

சரி, விற்கிற கதை எனக்குத் தெரியாது. நான் எடுத்த வண்டி எல்லாம் ஓடி ஓடி என்னிடமே செத்தது.

கெடிலக்கரை (திங்கள், இரவு)

பாண்டி யோசனையைக் கைவிட்டேன். மாமா ஒருவர் தவளக்குப்பத்தில் இருக்கிறார், அவரைக் கேட்கலாம் என்றுகூட இருந்தேன். வண்டிப்பாளையம் அண்ணன் கதையைப் படித்ததும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

இன்னொரு கேள்வி. கையில் ஒரு லட்சம் இருக்கிறது. மீதியைக் கடனாக வாங்க வேண்டும். ஷோரூமிலேயே "9 சதவீதம்தான் சார், அரை மணியில் அப்ரூவல்" என்கிறார்கள். வங்கியில் 11 என்கிறார்கள். ஷோரூம் கடன்தானே மலிவு?

வட்டிக்கணக்கு

இல்லை. இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள்.

ஷோரூமில் சொல்வது ஃபிளாட் வட்டியாக இருக்கும். 2 லட்சத்துக்கு மூன்று வருடம் என்று வைத்துப் பாருங்கள். ஃபிளாட் 9 என்றால் முதல் நாள் தொகைக்கே மூன்று வருடமும் வட்டி, 54,000. மாதத் தவணை 7,056. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டி மட்டும் குறையாது. குறையும் நிலுவைக்குப் போடும் வட்டியாக இதை மாற்றினால் 16 சதவீதத்துக்கு மேல் வரும். வங்கியின் 11 சதவீதம் நிலுவைக் கணக்கு என்றால் தவணை 6,548, மொத்த வட்டி 35,700 சொச்சம். வித்தியாசம் 18,000. உங்கள் கொட்டேஷனில் பேரம் பேசி எடுக்கப்போவதும் அதே அளவுதான்.

"ஃபிளாட்டா, ரெட்யூசிங்கா?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். பதில் சொல்லாமல் "தவணை எவ்வளவு வருகிறது பாருங்கள் சார்" என்று பேச்சை மாற்றினால் ஃபிளாட் என்று அர்த்தம். ப்ராசஸிங் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம், இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

நெய்வேலி டவுன்ஷிப்

ராணுவத்தில் இருந்தவர்கள் வீட்டில் யாரேனும் உண்டா? சி.எஸ்.டி. கேன்டீன் வழியாக எடுத்தால் ஜி.எஸ்.டி.யில் சலுகை உண்டு. என் அப்பா பெயரில் அப்படித்தான் எடுத்தோம். பதிவு அப்பா பெயரில்தான் இருக்கும், "என் பைக்" என்று நான் சொல்லும்போதெல்லாம் திருத்துவார்.

கெடிலக்கரை

எங்கள் வீட்டில் ராணுவம் என்றால் தாத்தா டீக்கடைக்குப் பெயர் வைத்ததோடு சரி.

நெய்வேலி டவுன்ஷிப்

அப்படியானால் ஜி.எஸ்.டி. குறைந்ததையாவது சரிபாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 28-லிருந்து 18 ஆக்கினார்கள். 350-க்கு மேல் 40. அதனால்தான் 312 சிசி அப்பாச்சி ஆர்ஆர் 310, 296 சிசி நிஞ்சா 300 எல்லாம் இறங்கின, 373 சிசி ஆர்சி 390 ஏறும் பக்கத்தில் மாட்டியது. பலாப்பழ ஊர் நண்பர் அடுத்து 390-க்குத் தூண்டிவிடுவார், அதற்குத்தான் முன்கூட்டியே சொன்னேன்.

பலாப்பழ ஊர்

நினைத்தேன். அதற்குள் வாயை அடைத்துவிட்டீர்கள்.

உப்புக்காற்று (செவ்வாய்)

தேவனாம்பட்டினத்தில் இருக்கிறேன். டெஃப்லான் 1,600 பற்றி யாரும் சொல்லவில்லையே. அது பெயின்ட் மேல் தடவும் மெழுகு மாதிரி, மூன்று மாதம் மினுங்கும். கடல் காற்று பெயின்டையா தின்கிறது? நட்டு, போல்ட், செயின், சைலன்சர் கழுத்து, ஸ்டாண்டின் அடிப்பக்கம், இதையெல்லாம்தான் தின்னும். மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு லூப் (மசகு எண்ணெய்) அடித்து, போல்ட் தலைகளில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு வைத்தால் அந்த 1,600 வேண்டியதில்லை. ஃபேரிங் வண்டியில் உள்ளே இருக்கிற போல்ட் கண்ணில் படாது, அதனால் சர்வீஸின்போது பேனலைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிட்டில் என்னென்ன என்று கேட்டீர்களா?

கெடிலக்கரை

டேங்க் பேட், சீட் கவர், பாடி கவர், கிரிப், மிதியடி மாதிரி ஒன்று, அப்புறம் ஒரு சாவிக்கொத்து.

உப்புக்காற்று

6,200 ரூபாய்க்குச் சாவிக்கொத்து! ஸ்போர்ட்ஸ் பைக்கின் சீட்டுக்குக் கவர் போட்டால் வழுக்கும் வேறு. பாடி கவரை மட்டும் வெளியில் ஆயிரத்துக்குள் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய சேல்ஸ்மேன்

கிட் "கட்டாயம், ஏற்கெனவே மாட்டிவிட்டோம்" என்பார்கள். மாட்டாத வண்டியைக் கொடுங்கள் என்று சொல்லுங்கள். போகும் நாளையும் பார்த்துப் போங்கள். மாதக் கடைசி மூன்று நாள் டார்கெட் நெருக்கடி. ஒரு வண்டி குறைந்தால் ஊக்கத்தொகை போய்விடும் என்ற நிலையில் மேனேஜரே இறங்கி வருவார். ஆடியில் கூட்டம் இருக்காது, பேச நேரம் கொடுப்பார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் போனால் டோக்கன் போட்டுத்தான் வண்டி, பேச்சே கிடையாது.

டிசம்பரில் "வருடக் கடைசிச் சலுகை" என்று ஒன்று வரும். அது பழைய சரக்கைத் தள்ளும் வேலை. தள்ளுபடி நன்றாக இருந்தால் எடுக்கலாம், ஆனால் வண்டி எந்த மாதம் தயாரானது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். படிவம் 21, அதாவது விற்பனைச் சான்றிதழில், தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். அதற்கு முன்னாலேயே தெரிய வேண்டுமென்றால் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 3525 என்றால் 2025-ன் 35-ஆவது வாரம். டயரே எட்டு மாதம் பழசு என்றால் வண்டி எப்போது வந்தது என்று சேல்ஸ்மேனைக் கேளுங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன் சேசிஸ் எண்ணை எழுதி வாங்குங்கள். டெலிவரி அன்று அந்த எண்ணோடு வண்டியை ஒப்பிடுங்கள்.

கெடிலக்கரை (பத்து நாள் கழித்து)

எடுத்தாகிவிட்டது. கடலூரிலேயே, முதலில் கொட்டேஷன் வாங்கிய அதே ஷோரூமில்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் போனேன். வெளியே வாங்கிய இன்சூரன்ஸ் விலை 12,300, அதைக் காட்டினேன். "எங்களிடம் எடுத்தால்தான் கிளெய்ம் சுலபம்" என்றார் ஷோரூம்காரர். எழுதித் தருவீர்களா என்றேன். அங்கேயே எடுக்கிறேன், அதே ஐ.டி.வி.க்கு அதே விலைக்குக் கொடுங்கள் என்றதும் மேனேஜர் உள்ளே போய் வந்து 12,300-க்கே சம்மதித்தார். அப்படியானால் முன்பு கூடுதலாகப் போட்ட 4,500 என்ன என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஹேண்ட்லிங்குக்கு ரசீது கேட்டேன். வரியே காணாமல் போனது, பழைய சேல்ஸ்மேன் அண்ணன் சொன்னபடியே. பதிவுச் செலவு 2,000-க்கு வந்தது, அதற்கு மேல் இறங்கவில்லை, நானும் விட்டுவிட்டேன். கிட் வேண்டாம் என்றதற்கு அரை மணி நேரம் வாதம். கடைசியில் பாடி கவரும் டேங்க் பேடும் மட்டும் 1,000. டெஃப்லான் இல்லை. ஹெல்மெட் கேட்காமலே கொடுத்தார்கள். ஆக மொத்தம்:

1,80,000 + 21,600 + 2,000 + 12,300 + 1,000 = 2,16,900

முதல் கொட்டேஷனைவிட 16,600 குறைவு. கடன் வங்கியில், நிலுவைக் கணக்கில். அப்ரூவலுக்கு ஆறு நாள் ஆனது, அந்த ஆறு நாளும் ஷோரூமிலிருந்து தினம் இரண்டு முறை போன்.

டயர் எண் பார்த்தேன். முதலில் காட்டிய வண்டி ஏழு மாதம் பழசு. வேறு வேண்டும் என்றேன், மூன்று நாள் கழித்து இரண்டு மாத வண்டி வந்தது. நிறம் மட்டும் நீலத்துக்குப் பதில் கறுப்பு.

வண்டிப்பாளையம்

வாழ்த்துகள் தம்பி. டி.என். 31 போர்டு விற்கும்போது தெரியும்.

முள்ளோடை முக்கு

வாழ்த்துகள். பெட்ரோலாவது எங்கள் பக்கம் வந்து போடு.

பலாப்பழ ஊர்

இப்போதாவது மாடல் சொல்லலாமே?

கெடிலக்கரை

சொல்லமாட்டேன். படம் போட்டாலும் சண்டை வரும். ஒரே குறை, அம்மாவை வெள்ளிக்கிழமை திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும். பின் சீட் கொக்கு உட்கார்கிற அகலம்தான், சேலையோடு ஒருக்களித்து உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கி, "அப்பா வண்டிச் சாவியை எடு" என்றார்கள். அதை விற்றுவிடலாம் என்று இருந்தேன். இப்போது இரண்டும் வாசலில் நிற்கின்றன.